விதைக் கிடங்கு ஜாஸ் – 14: சர்வேயருக்குத் திறக்காத ஷட்டர்

கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளும் எக்ஸ்ரே சரியாகத் தூங்கவில்லை.

எக்ஸ்ரே என்பது அவள் பெயரல்ல, தொழில். ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். ஊரில் பாதிப் பேருடைய எலும்பை அவள் பார்த்திருக்கிறாள். மீதிப் பேர் இன்னும் விழவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தன்னைவிட ஒரு சாண் உயரமான டபுள் பேஸ் என்ற ராட்சச வயலினை அணைத்துக்கொண்டு ஜாஸ் வாசிக்கப் போய்விடுவாள்.

வாசிக்கிற இடம், ஊருக்கு வெளியே இருக்கும் பழைய விதைக் கிடங்கு. அந்தக் கிடங்குக்குத்தான் இப்போது ஆபத்து. "கிடங்கைக் காலி செய்து கொடுங்கள், புது அலுவலகக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை தருகிறோம். குளிர்சாதன வசதி உண்டு. நேரம் நாலு முதல் ஆறு வரை. டிரம்ஸ் மட்டும் கூடாது" என்று ஊர் நிர்வாகம் எழுதியிருந்தது. டிரம்ஸ் இல்லாமல் ஜாஸ் வாசிக்கச் சொல்வது, காலைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டு என்பது போலத்தான்.

அந்தக் கடிதத்தை எக்ஸ்ரே நாலாகக் கிழித்ததையும், அவளுடைய அண்ணன் சர்வேயர் அந்த நாலு துண்டையும் பொறுக்கி ஒட்டி மறுபடி படித்ததையும் போன வாரம் பார்த்தோம். அண்ணன் டிரம்பெட் வாசிப்பவர். கிளப்பின் தலைவர். மாடி அறைக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

முடிவு, சாவிக்காரர்கள் கையில் இருந்தது.

இந்த கிளப்பில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஒரே ஒரு சட்டம் உண்டு. வேலை செய்யாதவர் மேடை ஏறக் கூடாது. பெருக்குவதோ, நாற்காலி போடுவதோ, கழிவறை கழுவுவதோ, கூரைக் குழாயில் சருகு அள்ளுவதோ, ஏதாவது ஒரு வேலையை அந்த வாரம் முடித்து, வேலை நோட்டில் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். ஐந்நூறு வேலை முடித்தவருக்குக் கிடங்கின் சாவி ஒன்று கிடைக்கும். சாவி வைத்திருப்பவருக்குத்தான் ஓட்டு.

சாவிக்காரர்கள் மூன்று பேர். எக்ஸ்ரே, அவள் அண்ணன், பியானோ வாசிக்கும் மருந்துக்கடைக்காரர். இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் போதும், கிடங்கு போய்விடும். மருந்துக்கடைக்காரர் ஒன்பது நாளாக மதில்மேல் பூனையாக இருந்தார். இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் ஈ, காக்கை இல்லை. எக்ஸ்ரே தன் அறை மேஜையில் பதினேழு பழைய வேலை நோட்டுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு கிளப்பின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் வெள்ளிவிழா. மலர் போட வேண்டும். கிடங்கே இல்லாமல் போனாலும் மலர் வரும், அதில் ஒரு வரி விடாமல் உண்மை இருக்கும் என்று அவள் வீம்பு பிடித்திருந்தாள்.

பதிமூன்று பக்கம் ஆகியிருந்தது. முதல் நாள் ஜாஸ் கேட்க வந்தவர்கள் நாலே நாலு பேர், அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் இரண்டு பேர் போய்விட்டார்கள். போகாமல் உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆள்தான் பிற்பாடு கிளப்பின் டிரம்மர் ஆனார். அவர் ஒரு லாரி டிரைவர். அன்று வரை ஜாஸ் என்பது டயர் கம்பெனியின் பெயர் என்று நினைத்திருந்தவர். எழுதும்போதே எக்ஸ்ரேக்குச் சிரிப்பு வந்தது.

பதினோராம் வருட நோட்டைப் புரட்டினாள். ஐந்நூறாவது கச்சேரி நடந்த ஞாயிற்றுக்கிழமை. "கூரைக் குழாய், ஏணி வேலை: சர்வேயர்."

சிரிப்பு நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவளால் மறக்க முடியாது. அன்று காலைதான் அண்ணன், அளவைக் கருவிக்குள் கண்ணை வைத்தபடியே நாலடி பின்னால் நடந்து பள்ளத்தில் விழுந்தார். ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவர், காலுக்கு அடியில் இருந்த பள்ளத்தை அளக்கவில்லை என்று ஊரே பேசியது. படம் எடுத்ததே எக்ஸ்ரேதான்.

அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கினாள். தூசி தட்டினாள். அதே தேதி. இடது கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் முறிவு. நாற்பத்தைந்து நாள் கட்டு.

அந்த நாற்பத்தைந்து நாளில் சர்வேயர் ஆறு தடவை வேலை செய்திருந்தார். அதில் இரண்டு தடவை ஏணியில் ஏறியிருந்தார்.

அப்புறம்தான் எழுத்தையே பார்த்தாள். அண்ணன் எழுதினால் கோழி கிளறியது போல் இருக்கும். இது குண்டு குண்டாக, ஒரே அளவாக, வரி பிசகாமல் இருந்தது. நோட்டுகளைப் பின்னோக்கிப் புரட்டினாள். முதல் வருடம் முழுக்க அண்ணன் எழுத்து. இரண்டாம் வருடத்திலிருந்து இந்தக் குண்டு எழுத்துதான். இருபத்திரண்டு வருடம்.

இந்த எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் நிலையத்தின் பதிவேட்டில் மணிக்கு ஒரு தடவை மீட்டர் அளவு எழுதுகிற கை அது.

ஆஸ்பத்திரி வேலை பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. நோட்டையும் வரலாற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு எக்ஸ்ரே நேராகத் தண்ணீர் நிலையத்துக்குப் போனாள்.

அவளுடைய அண்ணி அங்கே பம்ப் ஆபரேட்டர். நீலச் சீருடையில், முழங்கால் வரை நனைந்து, மூன்றாவது பம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஓரமா வா. அங்க வழுக்கும்" என்றாள் அண்ணி.

"அண்ணி, அண்ணனுக்குக் கால் உடைஞ்ச அன்னிக்குக் கிடங்குல ஏணி ஏறினது யாரு?"

அண்ணி மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கால் உடையாதவங்க யாராவது ஏறியிருப்பாங்க."

"அண்ணி."

"நான்தான். இப்ப அதுக்கென்ன?"

"எதுக்கு அண்ணன் பேரை எழுதினீங்க?"

அண்ணி கையைத் துணியில் துடைத்தாள். "அப்ப அவருக்கு வெளியூர் சர்வே. ஞாயித்துக்கிழமை அஞ்சரை மணிக்குத்தான் பஸ்ஸ விட்டு எறங்குவாரு. வேலை செய்யலன்னா மேடை இல்ல. வாசிக்காத ஞாயித்துக்கிழமை அந்த மனுஷனை வீட்டுல வச்சுப் பார்க்க முடியாது. சரி, ஒரு வாரம் நான் போய்ப் பெருக்கிட்டு அவர் பேரை எழுதினேன். ஒரு வாரம்தான்னு நெனச்சேன். வெளியூர் சர்வே ரெண்டு வருஷத்துல முடிஞ்சுபோச்சு. பெருக்கறது முடியல."

எக்ஸ்ரேக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. கணக்கு அவ்வளவு சுலபமாகத் தீரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அப்போ அந்தச் சாவி உங்களோடதுதான் அண்ணி. ஓட்டும் உங்களோடது. ஐந்நூறு வேலை செஞ்சவங்களுக்குச் சாவின்னுதான் சட்டத்துல இருக்கு. வாசிக்கணும்னு இல்ல. நீங்க நாலு மணிக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நம்ம பக்கம் ரெண்டு ஓட்டு."

"நம்ம பக்கமா?" அண்ணி இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "பையில என்ன?"

"கிளப்போட வரலாறு. மலருக்கு."

"குடு."

அண்ணி நின்றபடியே படித்தாள். பம்ப் இரைந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ஈர விரலை வைத்தாள். "இறுதியாக, குடும்பத்தினருக்கு நன்றி."

"இந்தக் குடும்பத்தினர் யாரு?"

எக்ஸ்ரே பையைத் தோளில் சரிசெய்தாள். "நீங்கதான் அண்ணி. அப்புறம் மத்தவங்க வீட்டுலயும்..."

"மழைக்கு ஒதுங்கினவருக்கு அரைப் பக்கம் எழுதியிருக்க. கிடங்குல இருந்த எலிக்கு நாலு வரி. எனக்கு ஒரு வார்த்தை, அதுலயும் பங்குக்கு ஆள் இருக்கு."

"நீங்க வந்து உதவி பண்றீங்கன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு..."

"உதவின்னு சொல்லாத. வேலைன்னு சொல்லு." அண்ணி குரலை உயர்த்தவில்லை. பம்ப் சத்தத்துக்கு மேல் அது தெளிவாகவே கேட்டது. "ஒவ்வொரு வாரமும் நீ நாற்காலி போடுவ, நான் கழிவறை கழுவுவேன். நீ நோட்டுல எழுதிட்டு என் கையிலதான் பேனாவக் குடுப்ப. இருபத்திரண்டு வருஷமா குடுத்திருக்க. நான் என்ன எழுதறேன்னு ஒரு நாளாவது குனிஞ்சு பார்த்தியா? இன்னிக்கு உனக்கு ஓட்டு வேணும். அதனால நோட்டத் தெறந்த."

எக்ஸ்ரே அந்தக் கடைசி வரியைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. அண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்த மிதப்பில் ஓடி வந்தவள், தானும் அதே கூண்டில்தான் நிற்கிறோம் என்பதை அந்த ஈரத் தரையில் நின்று புரிந்துகொண்டாள்.

"தப்புதான் அண்ணி" என்றாள்.

"ஆமா, தப்புதான்."

"நாலு மணிக்கு வருவீங்களா?"

"நாலு மணிக்குத்தான் ஷிப்ட் முடியுது. வரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. நீ கெளம்பு."

எக்ஸ்ரே வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து, கடைசி வரியை அடித்தாள். அப்புறம் பதிமூன்று பக்கத்தையும் முதலிலிருந்து படித்தாள். பெருக்கினார்கள், கழுவினார்கள், திறந்தார்கள் என்று இருந்த இடத்திலெல்லாம் வட்டம் போட்டுக்கொண்டே போனாள். பேனா மை தீரும் வரை வட்டங்கள் இருந்தன.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிடங்கு வாசலில் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஓட்டு இல்லாவிட்டாலும் வேடிக்கை பார்க்க யாரும் தவறவில்லை.

எப்போதும் கடைசியில் வருகிற சர்வேயர் இன்று முதலில் வந்திருந்தார். தேய்த்த சட்டை, பளபளவென்று துடைத்த டிரம்பெட் பெட்டி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி உள்ளே போயிற்று. சுற்ற மாட்டேன் என்றது.

"துரு" என்றார் யாரிடமும் இல்லாமல். வலப்பக்கம் சுற்றினார். இடப்பக்கம் சுற்றினார். சாவியை எடுத்து ஊதிப் பார்த்தார். டிரம்பெட் வாசிக்கிறவருக்கு எதையும் ஊதிப் பார்க்கத்தான் தோன்றும்.

"எண்ணெய் விடுங்க சர்வேயர்" என்றார் டிரம்மர்.

"வெயில்ல இரும்பு விரிஞ்சிருக்குய்யா. அதான்."

மருந்துக்கடைக்காரர் தன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். எக்ஸ்ரே அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க சும்மா இருங்க. அண்ணன் திறக்கட்டும்."

"பாவம், பத்து நிமிஷமா..."

"திறக்கட்டும்." அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினாள். "அண்ணா, நோட்டுப்படி பார்த்தா இந்த ஷட்டரை நீ நானூத்திப் பதினெட்டு தடவை திறந்திருக்க."

யாரோ சிரித்தார்கள். சர்வேயர் திரும்பினார். கழுத்துவரை சிவந்திருந்தது. "இப்ப என்ன சொல்ல வர?"

"அதுல நாலு தடவை உன் காலு மாவுக்கட்டுல இருந்துது. படம் எடுத்தது நான். தேதி ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல இருக்கு."

அப்போது சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. அண்ணி வந்து இறங்கினாள். நீலச் சீருடை முழங்காலில் இன்னும் காயவில்லை. சைக்கிளை மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு நேராக ஷட்டரிடம் போனாள்.

"நகருங்க" என்றாள் கணவரிடம்.

ஷட்டரின் அடியில் முழங்காலால் ஒரு முட்டு முட்டினாள். சாவியை இடப்பக்கம் கால் சுற்று, அப்புறம் வலப்பக்கம் முழுச் சுற்று. ஷட்டர் கடகடவென்று மேலே போனது. மூச்சு வாங்கக்கூட அவள் நிற்கவில்லை. எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

சர்வேயர் கையை நீட்டினார். "சாவியக் குடு. நீ வீட்டுக்குப் போ. இது சாவிக்காரங்க கூட்டம்."

"தெரியும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

உள்ளே போனார்கள். நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. உட்கார யாருக்கும் தோன்றவில்லை.

"இதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?" என்று சர்வேயர் பொதுவாகக் கேட்டார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள யார் செஞ்சா என்ன? அவ செஞ்சா நான் செஞ்ச மாதிரிதானே."

"அப்ப நீங்க வாசிச்சது நான் வாசிச்ச மாதிரியா?" என்று அண்ணி கேட்டாள். "கை தட்டினப்ப ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்தினீங்களா?"

அப்புறம் சர்வேயர் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு ஐம்பத்தெட்டு ஆகுது. உதடு முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது. மேல் ஸ்தாயி போன வருஷமே போயிடுச்சு. உங்க யார்கிட்டயும் சொல்லல. இன்னும் ரெண்டு வருஷம் வாசிப்பேன். அந்த ரெண்டு வருஷமாவது ஒழுகாத கூரைக்குக் கீழ, ஒரு மரியாதையான இடத்துல நின்னு வாசிக்கணும்னு நெனச்சேன். அது குத்தமா?"

மேல் ஸ்தாயி வரும் இடங்களில் அண்ணன் இப்போதெல்லாம் சாக்ஸபோன்காரருக்கு விட்டுக்கொடுப்பதை எக்ஸ்ரே கவனித்திருந்தாள். தாராள மனசு வந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

"குத்தமில்ல" என்றாள் அண்ணி. "என்கிட்டச் சொல்லியிருந்தா கூரைய அடைச்சுக் குடுத்திருப்பேன். டிரம்மரை வெளிய நிறுத்திட்டு உள்ள போய் உக்காருறதுக்குப் பேரு மரியாதை இல்ல."

அவள் மேஜையில் கிடந்த வேலை நோட்டைத் திறந்தாள். எக்ஸ்ரே நோட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை குனிந்து பார்த்தாள். "ஷட்டர்" என்று எழுதி, பக்கத்தில் குண்டு எழுத்தில் தன் சொந்தப் பெயரை எழுதினாள் அண்ணி. எழுதி முடித்து, அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என் ஓட்டு, கிடங்கு இங்கயேதான் இருக்கும். அவளுக்காகப் போடல." எக்ஸ்ரேயைத் திரும்பியே பார்க்காமல் சொன்னாள். "இந்தத் தரைய நான் கழுவியிருக்கேன். அடுத்தவனுக்கு விட்டுக்குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

அப்புறம் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். "ஆறு மணிக்குக் கச்சேரி. இந்த வாரம் உங்க பேர்ல ஒரு வேலையும் இல்ல."

சர்வேயர் துடைப்பத்தைப் பார்த்தார். வாங்கவில்லை.

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே சர்வேயர்" என்று மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்.

அவர் அந்த வாயைத் திறந்திருக்கக் கூடாது.

"நீ சட்டம் பேசறியா?" சர்வேயர் அவர் பக்கம் பாய்ந்தார். "முந்தாநேத்து எனக்குக் கீழ கையெழுத்துப் போட்டது யாரு?"

மருந்துக்கடைக்காரரின் முகம் வெளுத்தது. எக்ஸ்ரே அவரையே பார்த்தாள். "என்ன கையெழுத்து சார்?"

"முந்தாநேத்துக் காலைல கடைக்கு வந்தாரும்மா. ஒரே கூட்டம். கடிதம் கெடைச்சதுக்கு ஒப்புதல்னு சொன்னாரு. படிக்காமலே போட்டுட்டேன்." மருந்துச் சீட்டை மூன்று தடவை படித்துப் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காத மனிதர் அவர். உள்ளே வந்தும் அண்ணியின் சைக்கிளை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார்.

அப்படியானால் இந்தக் கூட்டமே வெறும் கண்துடைப்பு. எக்ஸ்ரே அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அந்தக் காகிதம் இப்ப எங்க இருக்கு?"

"நிர்வாகத்துக்கிட்டக் குடுத்தாச்சு." சர்வேயர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ரெண்டு சாவிக்காரங்க கையெழுத்து. முத்திரையும் போட்டாச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குச் சாவி வாங்க ஆள் வராங்க. நீங்க இங்க என்ன எழுதினாலும் இனிமே ஒண்ணும் ஆகாது."

டிரம்மர் தலையில் கை வைத்துக்கொண்டு அடுக்கிய நாற்காலிகளின் மேல் சாய்ந்தார். எக்ஸ்ரே அண்ணியைப் பார்த்தாள். அந்தக் கையெழுத்துகளில் ஒன்று சாவிக்காரரே அல்லாதவருடையது. ஆனால் அதை நாளைக் காலை பத்து மணிக்குள் யாரிடம் போய் நிரூபிப்பது?

அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

"பத்து மணிதானே? எனக்கு நாளைக்கு ராத்திரி ஷிப்ட். பகல் பூரா சும்மாதான் இருப்பேன். வரச் சொல்லுங்க."